தோளில் விழாத சீலை

போன வருஷம் ஆவணி மாசம் என் அக்கா மகள் சென்னையிலிருந்து ஒரு உடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்ணின் கல்யாண வரவேற்புக்குப் போட வேண்டுமாம். ஊதா நிறத்தில் தரையைத் தொடுகிற கவுன். தோளும் கிடையாது, கையும் கிடையாது. நெஞ்சுக்கு மேலே நேராக வெட்டி விட்ட மாதிரி நின்றது. "சித்தி, ரெண்டு எட்டு வச்சா எறங்குது. இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. நிக்கிற மாதிரி பண்ணிக் குடு" என்றாள்.

நான் முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவள். கூட்டங்களில் பெண்ணுரிமை பேசுகிறவளும்கூட. ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "ரெண்டு பக்கமும் ஒரு பட்டியாவது வச்சுத் தச்சுடுறேன்டி. பாக்குறவுக என்ன நெனைப்பாக?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. உடுப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்தாள். அப்பத்தா வாழ்நாளில் ஒரு தடவைகூட ரவிக்கை போட்டவள் இல்லை. வயல்வேலைக்குப் போகும்போது குறுக்குக் கட்டுத்தான். தோளில் நூலிழைகூட இருக்காது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் குனிந்து நாற்று நட்டிருக்கிறாள், கதிர் அறுத்திருக்கிறாள், தலையில் கட்டுச் சுமந்து வரப்பில் ஓடியிருக்கிறாள். சீலை நழுவி நான் பார்த்தது கிடையாது. ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கிய கவுனால் ரெண்டு எட்டுக்குத் தாங்க முடியாததை எட்டு முழம் நூல் சீலையில் அவள் எப்படி நிறுத்தினாள்? அவளுக்கு அந்த வித்தை எதற்காகத் தேவைப்பட்டது? முதல் கேள்விக்குப் பதில் அப்பத்தாவே எனக்குக் காட்டிக் கொடுத்தது. இரண்டாவதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

குறுக்குக் கட்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கண்மாயிலும் கிணற்றடியிலும் பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக் குளிப்பதுதான் தெரியும். அப்பத்தாவின் கட்டு வேறு. முதலில் இடுப்பில் சீலையைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பின்கொசுவம் செருகுவாள். மீதித் துணியை இடது அக்குள் வழியாக முதுகுக்குக் கொண்டுபோய், வலது அக்குள் வழியாக முன்னால் இழுத்து, நெஞ்சுக்கு மேலே குறுக்காக இறுக்குவாள். மேல் விளிம்பை உள்பக்கமாக ஒரு மடி சுருட்டி, முனையை இடது அக்குளுக்குக் கீழே சொருகுவாள். ஏன் இடது பக்கம் என்று கேட்டதற்கு, "அருவா பிடிக்கிற கை எது?" என்று திருப்பிக் கேட்டாள். வலது கை ஆடிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் சொருகினால் அவிழ்ந்துபோகும்.

இறுக்கும்போது மூச்சை வெளியே விட்டுவிட்டு இறுக்கச் சொல்வாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டினால், மூச்சு இறங்கினதும் துணியும் சேர்ந்து இறங்கும். விட்டுவிட்டுக் கட்டினால் ஒவ்வொரு தடவை மூச்சு வாங்கும்போதும் துணி உடம்பைப் பிடிக்கும். ஆனால் ரொம்ப இறுக்கினால் குனிய முடியாது. ரெண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குவாள், ஒரு தடவை குனிந்து நிமிர்வாள். அதிலே நின்றால் அன்றைக்கு முழுக்க நிற்கும். புதுச் சீலையில் கஞ்சி இருக்கும், வழுக்கும். துவைத்துத் துவைத்துச் சொரசொரப்பான பழைய நூல் சீலைதான் குறுக்குக் கட்டுக்கு ஆகும். நெருக்கடிக்கு ஒரு உடைமுள்ளை ஒடித்து விளிம்பில் குத்திக்கொள்வாள். ஊக்கு எல்லாம் பின்னால் வந்தது.

முக்கியமான சங்கதி இன்னொன்று இருக்கிறது. சேற்றில் இறங்கினால் சீலையின் கீழ்ப்பாகம் நனைந்து கனத்துவிடும். அந்தக் கனம் முழுவதும் நெஞ்சுக்கட்டைக் கீழே இழுக்கும். அதனால் இடுப்பில் இன்னொரு துணிக்கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுவாள். கீழே உள்ள கனத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும், மேலே உள்ள கட்டுக்குத் தன்னை மட்டும் தாங்கினால் போதும். "நெஞ்சுல கட்டுறதுக்கு இடுப்புதான்டி ஆணி" என்பாள்.

இதைச் சொன்னால் சில தோழர்கள், "அந்தக் காலத்தில் எல்லாச் சாதிப் பெண்களும் ரவிக்கை இல்லாமல்தானே இருந்தார்கள்? இதில் என்ன கொடுமை?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். நூறு வருஷத்துக்கு முந்தி தமிழ்நாட்டில் பல சாதிப் பெண்களிடம் ரவிக்கை கிடையாது. சாமிகளுக்கே அப்படித்தான். பெருமாளுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற தேவியரைச் செய்யும்போது ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சு வைப்பார்கள், பூதேவிக்கு வைக்க மாட்டார்கள். அதுதான் சிற்ப வழக்கம். (மண்ணுக்கு உரியவளுக்குக் கச்சு இல்லை என்பதை என் அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.) ரவிக்கை இல்லை என்பது பிரச்சனை இல்லை. ஒருத்தி போடாமல் இருப்பதற்கும், போடக் கூடாது என்று இன்னொருத்தன் அவளுக்கு உத்தரவு போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் பிரச்சனை. அந்த உத்தரவுகள் எழுத்தில் இருக்கின்றன.

முதலில் திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்கு அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அங்கே மார்பைத் திறந்து நிற்பது தனக்கு மேலே உள்ளவர்களுக்குக் காட்டுகிற மரியாதை. நாயர் பெண்கள்கூட நம்பூதிரிக்கும் சாமிக்கும் முன்னால் மேல்முண்டை விலக்க வேண்டும். நாடார் பெண்களுக்கு (அன்றைய ஆவணங்களில் சாணார் என்று எழுதியிருக்கும்) மேல்சீலையே கிடையாது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட பறையர், புலையர் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1810களில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்றார். மேல்சாதிக்காரர்கள் எதிர்த்ததும் உத்தரவு மாறியது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடுகிற மாதிரிக் குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது என்றார்கள். மிஷனரிமாரின் மனைவிமார் வெட்டித் தைத்துக் கொடுத்த தளர்ந்த சட்டைதான் அந்தக் குப்பாயம். பெண்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு மேலே தோளில் சீலையையும் போட்டுக்கொண்டார்கள். இது கவனிக்க வேண்டிய விஷயம். மானத்தை மறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் குப்பாயத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் கேட்டது தோளை.

1820களில் சந்தையிலும் பாதையிலும் பெண்களின் மேல்சீலையைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி அரண்மனையிலிருந்து வந்த அறிக்கை, குப்பாயம் சரி, மேல்சீலை கூடாது, ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்றது. துணியும் கூலியில்லா வேலையும் ஒரே காகிதத்தில்! துணி உரிமையைப் பண்பாட்டுப் பிரச்சனை என்று ஒதுக்குகிற தோழர்கள் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். ஊழியத்துக்கு வர வேண்டிய உடம்பு எது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்குத்தான் தோளைத் திறந்து வைக்கச் சொன்னார்கள்.

1858இல் மறுபடியும் கலகம் மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கினார். 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா கடைசியாக ஓர் அறிக்கை விட்டார். பாடப்புத்தகத்திலும் மேடையிலும் இதைத்தான் வெற்றி என்று சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அறிக்கையின் வாசகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு வேறொன்று தெரிந்தது. அதில் உள்ள விஷயம் இதுதான்: சாணார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலச் சட்டை போடலாம், அல்லது எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் முக்குவப் பெண்கள் செய்கிற மாதிரி முரட்டுத் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். அதாவது குறுக்குக் கட்டு. மார்பை மூடு, தோளைத் தொடாதே என்று அரசாங்கமே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறது. துணி முரட்டுத் துணியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு நடந்த சண்டையில் மார்பை விட்டுக்கொடுத்தவர்கள் தோளை விட்டுக்கொடுக்கவில்லை. சனங்கள் அந்தப் போராட்டத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள். தோள்சீலைக் கலகம். ஆராய்ச்சியாளர்கள் இங்கிலீஷில் மார்புத்துணிச் சண்டை என்று எழுதினார்கள். எங்கே அடிபட்டது என்பது அடிபட்டவர்களுக்குத்தானே தெரியும்.

ஒரு தையல்காரியாக எனக்கு இது இன்னும் நன்றாகப் புரிகிறது. தோளில் கிடக்கிற துணி தானாக நிற்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். தோளில்லாத துணியைச் சரியாகக் கட்டத் தெரியாவிட்டால், நழுவிவிடுமோ என்கிற பயம் ஒரு கையை எப்போதும் நெஞ்சோடு கட்டிப் போட்டுவிடும். முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தோள் முன்னால் வளையும், தலை தாழும். குனிந்து நில் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, துணியே குனிய வைத்துவிடும். எங்கள் பெண்கள் அக்குளுக்குக் கீழே அந்தச் சொருகலைக் கண்டுபிடித்தது அழகுக்காக இல்லை. நிமிர்ந்து நடப்பதற்காக, கையை வீசிக்கொண்டு நடப்பதற்காக.

நங்கேலியின் கதையை மேடையில் சொன்னால் கூட்டம் உறைந்துபோகும். முலைவரி கேட்டு வந்தவனிடம் தன் மார்பையே அறுத்து வாழையிலையில் வைத்தாள் என்று சேர்த்தலைப் பக்கம் வாய்மொழியாகச் சொல்லி வருகிறார்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். தினம் தினம் துணி கட்டி வேலைக்குப் போய்த் திரும்பி வந்த ஆயிரமாயிரம் பெண்களின் கதை சொல்லப்படாமல் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இந்தச் சீலைச் சண்டையைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. 2016இல் மத்திய வாரியம் அதைப் பரீட்சைக்கு வேண்டாம் என்றது. 2019இல் உடை பற்றிய அந்தப் பாடத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1859 அறிக்கை சாணார் பெண்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. புலையர், பறையர் பெண்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. திருவிதாங்கூரில் அடிமைமுறையை 1855இலேயே ஒழித்தாயிற்று என்பார்கள். ஆனால் புலையப் பெண்கள் அடிமைக்குறியாகக் கழுத்தில் கல்லுமாலையை அணிந்துகொண்டு, மேலே துணியில்லாமல்தான் திரிய வேண்டியிருந்தது. 1915இல் அய்யங்காளியின் இயக்கம் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கல்லுமாலையை அறுத்தெறியுங்கள், மேல்துணி போடுங்கள் என்று அழைத்தபோது அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்தது. அதன்பின் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் பெண்கள் மேடைக்கு வந்து மாலைகளை அறுத்துப் போட்டார்கள். 1859க்கும் 1915க்கும் இடையே 56 வருஷம். ஒரு சாதிக்குக் கிடைத்த பாதி உரிமை அடுத்த சாதிக்கு வந்து சேர ஒரு ஆயுசு ஆகியிருக்கிறது.

திருவிதாங்கூரை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழன் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு வருகிறேன். 1930 டிசம்பரில் அங்கே கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஹட்டன் அதைத் தன் நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் உடம்பின் மேல்பாகத்தைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் எட்டுத் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன.

திருவிதாங்கூர் மகாராஜாவாவது எப்படியும் மூடலாம் என்றார். 71 வருஷம் கழித்து இங்கே துணியே கூடாது என்கிறார்கள். அது வெள்ளைக்காரன் ஆட்சி, கோர்ட்டு இருந்தது, போலீஸ் இருந்தது, பக்கத்து ஜில்லாவில் சுயமரியாதைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

அப்பத்தாவுக்கு அப்போது பதிமூன்று பதினாலு வயது இருக்கும். நான் இதைப் படித்துவிட்டு, தொண்ணூறுகளில் ஒரு நாள் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"எங்க ஊருல தமுக்கு அடிக்கல ஆத்தா. பக்கத்து ஊருல அடிச்சாக. அது போதும்ல."

"நீங்க என்ன செஞ்சீக?"

"என்ன செய்யுறது. சேரிக்குள்ள தோளுல போட்டுக்குருவோம். பண்ணை களத்துப் பக்கம் போனா எறக்கி, சுத்திக் கட்டிக்கிருவோம்."

"சுத்திக் கட்டுனதுக்கு அவுக ஒண்ணும் சொல்லலையா?"

அப்பத்தா வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கிள்ளினாள். "சொன்ன நாளும் உண்டு" என்றாள். பிறகு, "அத மட்டும் எழுதாத" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் அம்மாவைக் கேட்டபோது, "அதக் கேட்டு என்னத்தச் செய்யப் போற" என்று எழுந்து போய்விட்டாள். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே ரவிக்கை போட ஆரம்பித்தவள், கடைசி வரைக்கும் கழுத்து மூடிய ரவிக்கைதான். கை முழங்கை வரைக்கும் இருக்க வேண்டும். எனக்குத் தையல் பழக்கியதும் அம்மாதான். அவளிடமிருந்துதான் "பாக்குறவுக என்ன நெனைப்பாக" என்கிற பேச்சு எனக்கு வந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அக்கா மகளைக் கூப்பிட்டேன். "கவுனை எடு. பட்டி எல்லாம் வேணாம்" என்றேன். பிரித்துப் பார்த்தால் கடைக்காரன் செய்த தப்புத் தெரிந்தது. மேல் விளிம்பில் எலாஸ்டிக் மட்டும் வைத்து, தரை வரைக்கும் தொங்குகிற துணியின் கனத்தை அதன் தலையில் கட்டிவிட்டிருந்தான். எலாஸ்டிக் எத்தனை நேரம் தாங்கும்? உள்பக்கம் இடுப்பு அளவுக்கு ஒரு இஞ்ச் குறைவாக கெட்டி நாடாவில் பட்டை வெட்டி, லைனிங்கோடு சேர்த்துத் தைத்து, கொக்கி வைத்தேன். முதலில் அந்தக் கொக்கியை மாட்ட வேண்டும், பிறகுதான் ஜிப்பை ஏற்ற வேண்டும். கீழ்ப்பாகத்தின் கனம் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சிலிருந்து இடுப்பு வரைக்கும் லைனிங்கில் குழாய் மாதிரித் தையல் போட்டு, வளையக்கூடிய பிளாஸ்டிக் குச்சிகளைச் சொருகினேன். அதற்கு போனிங் என்று பேர். அது இருந்தால் மேல்துணி சுருங்கி இறங்காது. விளிம்பின் உட்புறம் தோலைப் பிடிக்கிற சிலிக்கான் டேப்பை ஒட்டித் தைத்தேன், அது பழைய சீலையின் சொரசொரப்புக்குப் பதில்.

"மூச்ச விட்டுட்டு மாட்டு" என்றேன். மாட்டினாள். "ரெண்டு விரல் போகுதா பாரு. இப்பக் கையத் தூக்கு. குனி. உக்காரு. எந்திரி." எல்லாம் செய்தாள். நின்றது. நடுவீட்டில் கையை வீசிக்கொண்டு இரண்டு சுற்று நடந்தாள். "இத எங்க சித்தி படிச்ச?" என்றாள். அப்பத்தாவின் கட்டைப் பற்றிச் சொன்னேன். சீலை ஒன்றை எடுத்துக் கட்டியும் காட்டினேன். அவள் அப்பத்தாவைப் பார்த்ததே இல்லை. "அப்பத்தா அப்படிக் கட்டியிருக்குற போட்டோ ஒண்ணு காட்டேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. 1995இல் வாக்காளர் அட்டைக்காக எடுத்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். அவள் முறை வந்ததும் போட்டோ எடுக்கிறவர், "என்ன பாட்டி, ரவிக்கை போடாம வந்துட்ட? கெவர்மெண்டு அட்டை இது. போய்ப் போட்டுட்டு வா" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரத்தில் பேச்சு வரவில்லை. அப்பத்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முந்தியை உருவி இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி இழுத்து, வலது தோளிலும் போட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எடு" என்றாள்.

அட்டையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. முகமும், இரண்டு தோளிலும் கிடக்கிற சீலையும், பிடித்திருக்கிற கையின் ரெண்டு விரலும்தான் தெரிகிறது.